கொடைக்கானல் காவலும் சார்க் முடக்கமும்: 1965 சொல்லும் பாடம்

1965 செப்டம்பரில் காஷ்மீரை முன்னிட்டு இந்தியாவும் பாகிஸ்தானும் முழு அளவிலான போரில் இறங்கின. அப்போது காஷ்மீரின் பெருந்தலைவரான ஷேக் முகமது அப்துல்லா, போர்முனைக்கு வெகு தொலைவில், பழனி மலைத்தொடரின் மேலே கொடைக்கானலில் காவலில் வைக்கப்பட்டிருந்தார். ‘கோகினூர்’ என்னும் பழைய மாளிகையே அவருக்குச் சிறையாக இருந்தது. நீதிமன்ற விசாரணை எதுவுமின்றி, இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அவர் அங்கு வைக்கப்பட்டார். அவரைக் கைதுசெய்வதற்கு உடனடிக் காரணமாக அமைந்தது அல்ஜியர்ஸ் நகரில் நடந்த ஒரு சந்திப்பு.

அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய இந்த வரலாற்றை இன்று நினைவுகூரக் காரணம் உண்டு. தெற்காசியப் பிராந்தியக் கூட்டமைப்பான சார்க்கின் உச்சி மாநாடு 2014 நவம்பரில் காத்மாண்டுவில் கூடியதோடு நின்றுபோனது. இந்தியாவும் பாகிஸ்தானும் 2019 ஆகஸ்டுக்குப் பிறகு ஒன்றின் தலைநகரில் மற்றொன்று முழுநிலைத் தூதரை வைத்துக்கொள்ளவில்லை. அதே வேளையில், ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பில் இரண்டும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. பகை நாடுகள் ஒரே அமைப்பில் உறுப்பினராவதால் பகை தணியுமா, அல்லது பகை தணிந்த பிறகுதான் அமைப்பு இயங்குமா? இந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி கொடைக்கானல் காவலின் பின்னணியில் இருக்கிறது.

நடக்காமல் போன சந்திப்பு

ஷேக் அப்துல்லா 1948 முதல் 1953 வரை ஜம்மு காஷ்மீரின் பிரதமராக இருந்தவர். 1953 ஆகஸ்டில் பதவி நீக்கப்பட்டுக் கைதானார். இடையில் 1958இல் சில மாதங்கள் வெளியில் இருந்ததைத் தவிர, 1964 ஏப்ரல் வரை அவர் சிறையிலேயே கழித்தார். அந்த ஏப்ரலில் அவர்மீதான சதி வழக்கைத் திரும்பப் பெற்று அவரை விடுவித்தவர், முன்பு அவரைச் சிறைக்கு அனுப்பிய ஆட்சியின் தலைவரான நேருவேதான். சீனப் போரின் தோல்விக்குப் பிறகு, உடல்நலம் குன்றிய நிலையில் இருந்த நேரு, பாகிஸ்தானுடனான சிக்கலுக்குத் தம் வாழ்நாளிலேயே ஒரு தீர்வு காண விரும்பினார். டெல்லி வந்த அப்துல்லா நேருவின் இல்லத்திலேயே தங்கினார். பின்னர் சென்னைக்கு வந்து ராஜாஜியைச் சந்தித்தார். காங்கிரஸைக் கடுமையாக எதிர்த்து சுதந்திரா கட்சியை நடத்திவந்த ராஜாஜி, இந்த முயற்சியில் நேருவின் பக்கம் நின்றார். ஜெயப்பிரகாஷ் நாராயணும் ஆதரவாகப் பேசினார்.

1964 மே மாத இறுதியில் அப்துல்லா ராவல்பிண்டி சென்று அயூப் கானைச் சந்தித்தார். இந்தியா, பாகிஸ்தான், காஷ்மீர் ஆகியவற்றைத் தளர்வாக இணைக்கும் ஒரு கூட்டிணைவு பற்றி அப்போது பேச்சு எழுந்தது. அந்த யோசனையைத் தாம் ஏற்கவில்லை என்று அயூப் பின்னாளில் தம் நூலில் எழுதினார். ஆயினும், ஜூன் மாதம் டெல்லி வந்து நேருவைச் சந்திக்க அவர் இசைந்தார். அப்போது பாகிஸ்தானில் இந்தியாவின் தூதராக இருந்தவர் சென்னையில் பிறந்த ஜி. பார்த்தசாரதி. மே 27 அன்று அப்துல்லா முஸஃபராபாத்தில் இருந்தபோது நேரு மறைந்த செய்தி வந்தது. அவர் தம் பயணத்தை முடித்துக்கொண்டு இறுதிச் சடங்குக்குத் திரும்பினார். ஜூன் சந்திப்பு நடக்கவே இல்லை.

அல்ஜியர்ஸில் எழுந்த உறுப்பினர் தகராறு

இதே காலத்தில் மற்றொரு களத்தில் அண்டை நாடுகளின் போட்டி வேறு வடிவம் எடுத்தது. 1955இல் பாண்டுங்கில் 29 நாடுகள் கூடிய ஆசிய – ஆப்பிரிக்க மாநாட்டை அழைத்த ஐந்து நாடுகளில் இந்தியா, பாகிஸ்தான் இரண்டும் இருந்தன. அதன் இரண்டாம் மாநாட்டை அல்ஜியர்ஸில் நடத்தத் திட்டமிட்டு, 1964 ஏப்ரலில் ஜகார்த்தாவில் ஆயத்தக் கூட்டம் நடந்தது. யாரை அழைப்பது என்பதே அங்கு பெரும் தகராறாயிற்று. சோவியத் ஒன்றியத்தை அழைக்க வேண்டும் என்று இந்தியா கோரியது, சீனா மறுத்தது. மலேசியாவை அழைக்கவும் இந்தியா ஆதரவு தெரிவித்தது. மலேசியாவின் உருவாக்கத்தையே ஏற்காத சுகர்ணோவின் இந்தோனேசியா அதை எதிர்த்தது. 1963இல் சீனாவுடன் எல்லை உடன்பாடு செய்துகொண்டிருந்த பாகிஸ்தான், நாளுக்கு நாள் பெய்ஜிங்கை நெருங்கிக்கொண்டிருந்தது. யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்விக்குப் பின்னால் எல்லைத் தகராறுகளே இருந்தன.

மாநாடு நடக்கவிருந்த அதே அல்ஜியர்ஸில்தான் 1965 மார்ச் இறுதியில் ஷேக் அப்துல்லா சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். மெக்கா யாத்திரைக்கென்று புறப்பட்டவர் வேறு சில நாடுகளுக்கும் சென்றிருந்தார். சூ என்லாய் அவரைச் சீனாவுக்கு வருமாறு அழைத்தார். சீனப் போர் முடிந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், இந்தச் சந்திப்பு டெல்லியில் கடும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. மே மாதம் நாடு திரும்பியவரை அரசு டெல்லி விமான நிலையத்திலேயே கைதுசெய்தது. முதலில் உதகமண்டலம், பின்னர் கொடைக்கானல் என்று அவருடைய காவல் தமிழகத்தின் மலைகளில் தொடர்ந்தது.

அரசின் ஐயம் முற்றிலும் அடிப்படையற்றது என்று சொல்ல முடியாது. அவ்வாண்டு செப்டம்பர் போரின்போது சீனா வெளிப்படையாகப் பாகிஸ்தான் பக்கம் நின்று இந்தியாவுக்கு இறுதி எச்சரிக்கை விடுத்தது. ஆனால், ஓராண்டுக்கு முன்பு நாட்டின் சார்பில் பாகிஸ்தான் அதிபரிடம் பேசச் சென்ற அதே மனிதர், மற்றோர் அண்டை நாட்டின் பிரதமரிடம் பேசியதற்காகக் காவலில் வைக்கப்பட்டார் என்பதும் உண்மை. பேச்சுக்கான வழி அரசின் விருப்பத்தை மட்டுமே நம்பியிருந்தால், அந்த விருப்பம் மாறியவுடன் தூதரும் குற்றவாளியாகிவிடுகிறார்.

மலையில் காவல், சமவெளியில் போர்

அப்துல்லா காவலில் இருந்த நாட்களில் நிகழ்ச்சிகள் வேகமாக நகர்ந்தன. 1965 ஜூன் 19 அன்று அல்ஜீரியாவில் பென் பெல்லாவின் ஆட்சி கவிழ்ந்தது. மாநாடு நவம்பருக்குத் தள்ளிப்போய், பின்னர் காலவரையறையின்றி ஒத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பாகிஸ்தானின் ஊடுருவல், செப்டம்பரில் போர், 23ஆம் தேதி போர்நிறுத்தம், 1966 ஜனவரி 10 அன்று தாஷ்கண்ட் உடன்பாடு, மறுநாள் அதிகாலையில் லால் பகதூர் சாஸ்திரியின் மரணம் என எல்லாமே எட்டு மாதங்களுக்குள் நடந்து முடிந்தன. பாதுகாப்பு அவையில் மலேசியா எடுத்த நிலைப்பாட்டைக் காரணம் காட்டி, 1965 அக்டோபரில் பாகிஸ்தான் அந்நாட்டுடன் தூதரக உறவைத் துண்டித்துக்கொண்டது. ஒரு மாநாட்டு அழைப்பிதழைச் சுற்றி எழுந்த அணிகள் போர்க்களத்தை ஒட்டியும் அப்படியே நின்றன.

1966இல் ஜெயப்பிரகாஷ் நாராயண், அப்துல்லாவை விடுதலை செய்யுமாறு இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதினார். 1967இல் டெல்லிக்கு மாற்றப்பட்ட அப்துல்லா, 1968 ஜனவரித் தொடக்கத்தில் முழுமையாக விடுவிக்கப்பட்டார். பிறகு 1974 நவம்பரில் அவர் தரப்பில் மிர்சா அஃப்சல் பேக்கும், இந்திய அரசின் தரப்பில் ஜி. பார்த்தசாரதியும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அதன் விளைவாக 1975 பிப்ரவரியில் அப்துல்லா மீண்டும் ஆட்சிப் பொறுப்பேற்றார். 1982இல் மறையும்வரை முதலமைச்சராக இருந்தார்.

இந்தப் பார்த்தசாரதியின் தந்தைதான் தஞ்சை மண்ணைச் சேர்ந்த என். கோபாலசாமி ஐயங்கார். 1937 முதல் 1943 வரை காஷ்மீர் அரசரின்கீழ்ப் பிரதமராக இருந்தவர்; பின்னாளில் 370ஆம் பிரிவாக மாறிய வரைவை 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்தவர். காஷ்மீர் என்பது வடக்கின் சிக்கல், நமக்கென்ன என்று தமிழகம் ஒதுங்கியிருந்ததில்லை. அதன் சட்டப் பிணைப்பு, சமரச முயற்சி, காவல் ஆகிய மூன்றிலும் தமிழர்களோ தமிழ் நிலமோ இடம்பெற்றிருக்கின்றன.

ஆசியான் தேர்ந்த பாதை

அப்துல்லாவின் காவல் முடியாத 1967ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று, பாங்காக்கில் ஐந்து நாடுகள் கூடி ஆசியானைத் தொடங்கின. சிங்கப்பூரின் சார்பில் கையெழுத்திட்டவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம். அல்ஜியர்ஸ் மாநாட்டுக்கு மலேசியாவை அழைக்கக் கூடாது என்று நின்ற இந்தோனேசியா, மலேசியாவுடன் ஒரே மேசையில் அமர்ந்து அந்த அமைப்பைத் தொடங்கியது. இது எப்படி நிகழ்ந்தது? ஓராண்டு முன்னதாக, 1966 ஆகஸ்டில் இரு நாடுகளும் மோதலை முடிவுக்குக் கொண்டுவரும் உடன்பாட்டைச் செய்துகொண்டிருந்தன. முதலில் இருதரப்பு இணக்கம், பிறகு பிராந்திய அமைப்பு என்ற வரிசை அங்கே பின்பற்றப்பட்டது. பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் 1951இல் நிலக்கரி – எஃகுச் சமூகத்தை உருவாக்கியபோதும், போர் வேண்டாம் என்ற அடிப்படை முடிவு முன்பே எடுக்கப்பட்டிருந்தது.

தெற்காசியா இந்த வரிசையை மாற்ற முயன்றது. இருதரப்புச் சிக்கல்களைத் தீர்க்காமலேயே அமைப்பை எழுப்பிவிடலாம் என்று நம்பியது.

ஒருமித்த முடிவு என்னும் பூட்டு

சார்க் யோசனையை 1980இல் முன்வைத்தவர் வங்கதேச அதிபர் ஜியாவுர் ரஹ்மான். அண்டை நாடுகள் எல்லாம் ஒன்றுகூடித் தன்னை நெருக்கக்கூடும் என்று இந்தியா தயங்கியது. இந்தியச் சரக்குகளுக்குத் தன் சந்தை இரையாகிவிடும் என்று பாகிஸ்தான் தயங்கியது. இரு தயக்கங்களுக்கும் இடம் தந்தே சாசனம் எழுதப்பட்டது. 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் ஏழு நாடுகள் ஏற்ற அச்சாசனத்தின் பத்தாம் பிரிவு இரண்டு விதிகளைச் சொல்கிறது: எந்த நிலையிலும் முடிவுகள் ஒருமனதாகவே எடுக்கப்பட வேண்டும், இருதரப்புச் சிக்கல்களும் சர்ச்சைக்குரிய பொருள்களும் விவாதத்தில் இடம்பெறக் கூடாது.

இந்த இரண்டும் சேர்ந்து விசித்திரமான நிலையை உருவாக்கின. சிக்கலைப் பேச அமைப்பு அனுமதிக்காது. ஆனால், அந்தச் சிக்கலின் பெயரால் எந்த உறுப்பினரும் அமைப்பையே நிறுத்திவிடலாம். 2014 காத்மாண்டு மாநாட்டில் வாகனப் போக்குவரத்து உடன்பாட்டுக்குப் பாகிஸ்தான் இசையவில்லை. அதனால் மறு ஆண்டு வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் தனியே ஓர் உடன்பாடு செய்துகொண்டன. 2016 செப்டம்பரில் ஊரி ராணுவ முகாம்மீது தாக்குதல் நடந்த பிறகு, இஸ்லாமாபாத் உச்சி மாநாட்டில் கலந்துகொள்ள இந்தியா மறுத்தது, மாநாடு கைவிடப்பட்டது. அதற்குப் பின் இன்றுவரை உச்சி மாநாடு கூடவில்லை.

புதிய உறுப்பினரைச் சேர்ப்பதிலும் இதே கதைதான். 2005இல் ஆப்கானிஸ்தானைச் சேர்க்கும் பேச்சு எழுந்தபோது, சீனாவுக்கும் இடம் தர வேண்டும் என்று நேபாளம் வலியுறுத்தியது. ஆப்கானிஸ்தான் 2007இல் எட்டாவது உறுப்பினரானது. சீனாவுக்குப் பார்வையாளர் தகுதி கிடைத்தது. 2021இல் தாலிபான் ஆட்சிக்கு வந்ததும், ஆப்கானிஸ்தானின் நாற்காலியில் அமரப்போவது யார் என்ற தகராறில், நியூயார்க்கில் நடக்கவிருந்த அயலுறவு அமைச்சர்கள் கூட்டம் ரத்தானது.

சார்க்குக்கு வெளியிலும் இப்படி நடந்ததுண்டு. 1969 செப்டம்பரில் ரபாத்தில் கூடிய இஸ்லாமிய நாடுகளின் மாநாட்டுக்கு இந்தியா அழைக்கப்பட்டது. ஆனால், பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானின் எதிர்ப்பால், ஃபக்ருதீன் அலி அகமது தலைமையிலான இந்தியக் குழு தொடர்ந்து பங்கேற்க இயலாமல் போயிற்று. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2019இல் அபுதாபியில் சுஷ்மா ஸ்வராஜ் சிறப்பு விருந்தினராகப் பேசியபோது, பாகிஸ்தானின் அயலுறவு அமைச்சர் கூட்டத்தைப் புறக்கணித்தார்.

கூட்டங்களின் ஓரத்தில் விளைந்தவை

அப்படியானால் இத்தகைய அமைப்புகளால் பயனே இல்லையா? அப்படிச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. சார்க் அரங்கின் உள்ளே நடந்ததைவிட, அதன் ஓரத்தில் நடந்தவை பயன் தந்திருக்கின்றன. 1988 டிசம்பரில் இஸ்லாமாபாத் உச்சி மாநாட்டுக்குச் சென்ற ராஜீவ் காந்தியும் பேநசீர் புட்டோவும், அணு நிலையங்களைப் பரஸ்பரம் தாக்குவதில்லை என்ற உடன்பாட்டைக் கண்டனர். அதன்படி 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போரும் அதற்குப் பிந்தைய மோதல்களும் இந்த வழக்கத்தை நிறுத்திவிடவில்லை.

1998இல் இரு நாடுகளும் அணுகுண்டுச் சோதனை நடத்திய சில வாரங்களில், கொழும்பு மாநாட்டையொட்டி வாஜ்பாயும் நவாஸ் ஷெரீஃபும் சந்தித்தனர். 2002 ஜனவரியில், நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் எல்லையில் படைகள் குவிந்திருந்த வேளையில், காத்மாண்டு மேடையில் முஷாரஃப் வாஜ்பாயிடம் சென்று கைகொடுத்தார். 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத் மாநாட்டின்போது இருவரும் கூட்டறிக்கை வெளியிட்டனர். தெற்காசியத் தடையற்ற வணிக உடன்பாடும் அங்கேயே கையெழுத்தானது. அந்தச் சூழலின் தொடர்ச்சியாகவே 2005 ஏப்ரலில் ஸ்ரீநகருக்கும் முஸஃபராபாத்துக்கும் இடையே பேருந்து ஓடத் தொடங்கியது. 1964இல் அப்துல்லா பாதியில் விட்டுத் திரும்பிய ஊர் அது. 2019க்குப் பிறகு அந்தப் பேருந்தும் நின்றுபோனது.

ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பில் இந்தியாவும் பாகிஸ்தானும் 2017 ஜூன் 9 அன்று அஸ்தானாவில் ஒரே நாளில் உறுப்பினராயின. இந்தியாவுக்கு ரஷ்யாவும் பாகிஸ்தானுக்குச் சீனாவும் துணைநின்றதால், ஒன்றைச் சேர்த்து மற்றொன்றை விடுவது இயலாமல் போனது. அங்கும் பகை மறையவில்லை. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டனர்; மே மாதம் இரு நாடுகளும் நான்கு நாட்கள் மோதின. ஜூனில் சீனாவின் சிங்டாவ் நகரில் கூடிய பாதுகாப்பு அமைச்சர்கள் கூட்டத்தின் அறிக்கையில் பஹல்காம் பற்றிய குறிப்பு இல்லாததால், ராஜ்நாத் சிங் கையெழுத்திட மறுத்தார். செப்டம்பரில் தியான்ஜின் உச்சி மாநாட்டின் பிரகடனம் அத்தாக்குதலைக் கண்டித்தது. வெளியேறாமல் உள்ளே இருந்து வாதாடியதால் கிடைத்த பலன் இது. 2024 அக்டோபரில் ஜெய்சங்கர் இஸ்லாமாபாத் செல்ல முடிந்ததும் இந்த அமைப்பின் கூட்டத்தை முன்னிட்டுத்தான்.

விலை கொடுப்பவர்கள் யார்?

சார்க் முடக்கத்தால் இந்தியாவுக்குப் பெரிய இழப்பில்லை என்ற கருத்து டெல்லியில் வலுவாக இருக்கிறது. பாகிஸ்தான் இல்லாத பிம்ஸ்டெக் 1997இல் தொடங்கி, 2022இல் கொழும்பில் தனக்கென ஒரு சாசனத்தையும் ஏற்றது. வங்காள விரிகுடாவைச் சார்ந்த அந்த அமைப்பு தமிழகத்துக்கும் இலங்கைக்கும் முக்கியமானது. ஆனால், அது சார்க்குக்கு மாற்றாக முடியாது. மாலத்தீவும் ஆப்கானிஸ்தானும் அதில் இல்லை. தெற்காசிய நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் சுமார் 5 விழுக்காடுதான். இதன் சுமை பெரிய நாட்டைவிடச் சிறிய நாடுகளையே அதிகம் அழுத்துகிறது.

அமைப்பின் மேல்தளம் பூட்டிக் கிடந்தாலும் கீழ்த்தளம் சில இடங்களில் இயங்குவதையும் காண வேண்டும். 2022 ஜனவரியில் இலங்கையின் அந்நியச் செலாவணி வற்றியபோது, இந்திய ரிசர்வ் வங்கி சார்க் நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டின்கீழ் 40 கோடி டாலர் வழங்கியது. பாக் நீரிணையின் மறுகரையில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நிற்க நேர்ந்த மக்களுக்கு, டெல்லி – இஸ்லாமாபாத் பகையில் எந்தப் பங்கும் இல்லை. டெல்லியிலுள்ள தெற்காசியப் பல்கலைக்கழகமும் 2010 முதல் இயங்கிவருகிறது.

பயங்கரவாதத்தைக் கருவியாகக் கொண்ட நாட்டுடன் வழக்கம்போல் பேச இயலாது என்ற இந்திய நிலைப்பாட்டுக்கு நியாயம் உண்டு. பஹல்காமில் உயிரிழந்தோரின் குடும்பங்களிடம் பிராந்திய ஒத்துழைப்பைப் பற்றிப் பேசுவது எளிதல்ல. ஆனால், பேச்சு வேறு, விட்டுக்கொடுத்தல் வேறு. எதிரியிடம் சொல்ல வேண்டியதை நேரில் சொல்லவும் ஒரு வழி வேண்டும். 2025 மே 10 அன்று மோதல் நின்றதற்கும், இரு நாட்டு ராணுவச் செயல்பாட்டுத் தலைமை இயக்குநர்கள் பேசிக்கொள்ளும் தொலைபேசி இணைப்பு உயிருடன் இருந்ததே உதவியது.

இந்த வரலாற்றிலிருந்து மூன்று செயல்கள் பெறப்படுகின்றன. முதலாவது, இரு தலைநகரங்களுக்கும் தூதர்கள் திரும்ப வேண்டும். தூதரை அனுப்புவது எதிரிக்குத் தரும் பரிசு அன்று, நம் காதும் கண்ணும் அங்கே இருப்பதற்கான ஏற்பாடு. இரண்டாவது, உச்சி மாநாடு கூடாவிட்டாலும் சுகாதாரம், பேரிடர் மேலாண்மை, நாணயப் பரிமாற்றம், கல்வி ஆகிய துறைகளில் சார்க்கின் கீழ்நிலைக் கூட்டங்கள் நடக்க வேண்டும். விரும்பும் நாடுகள் முன்செல்லவும் மற்றவை பின்னர் இணையவும் வழிவிட வேண்டும். மூன்றாவது, அறிஞர்கள், இதழாளர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் போன்றோர் எல்லை கடந்து உரையாடுவதைத் துரோகமாகப் பார்க்கும் போக்கை இரு நாடுகளும் கைவிட வேண்டும்.

மூன்றாவதே மிகக் கடினமானது. 1964இல் நேருவுக்குத் தேவைப்பட்ட தூதர், பத்தாண்டுக்கு மேலாக அவரது அரசே சிறையில் வைத்திருந்த மனிதர். 1974இல் இந்திரா காந்திக்கு உடன்பாடு தேவைப்பட்டபோதும், அதே மனிதரைத்தான் தேட வேண்டியிருந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் இரண்டு போர்கள் நடந்துவிட்டன. அவரைக் கொடைக்கானலில் வைத்திருந்ததால் காஷ்மீர்ச் சிக்கல் ஓர் அங்குலமும் குறையவில்லை.